ஊர்ப் பணம் யார் பணம்?

(வேடசந்தூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னை ஊர் வரவு செலவைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். விளம்பரத்தைப் பார்த்தவுடன் சில தோழர்களுக்குச் சப்பென்று போயிருக்கும். கடவுள், மதம், ஜாதி, புராணம் என்று பேசினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். வீட்டு வரி, தண்ணீர், சாக்கடை, குப்பை என்று பேசினால் கொட்டாவி வரும். ஆனால் நான் சொல்லுகிறேன், ஒரு ஊரில் எந்த மனிதன் மேல், எந்த மனிதன் கீழ் என்று தெரிந்துகொள்ளப் புராணத்தைப் புரட்ட வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் போதும். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் போயிற்று, எந்தத் தெருச் சாக்கடை எங்கே போய் நிற்கிறது, யாருக்கு வரி தள்ளிக் கொடுக்கப்பட்டது, யாருடைய கூலி மூன்று மாதம் பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். மனுதர்மம் புத்தகத்தில் மாத்திரம் இல்லை, கணக்கிலும் இருக்கிறது. ஆகவே இது சுயமரியாதைக்குச் சம்பந்தமில்லாத விஷயமென்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ளும்படி கேட்கவில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

சுய ஆட்சி வந்த கதை

முதலில் இந்த ஊராட்சி, நகராட்சி என்பவை எப்படி வந்தன என்று பார்ப்போம். பக்கத்தில் இருக்கும் திண்டுக்கல்லுக்கு 1866-ஆம் வருஷத்திலேயே முனிசிபாலிட்டி வந்துவிட்டது. அது நமக்குச் சுதந்திரம் கொடுப்பதற்காக வந்ததல்ல. தெரு விளக்குக்கும், ரோட்டுக்கும், சுகாதாரத்துக்கும் சர்க்கார் கஜானாவிலிருந்து பணம் எடுக்காமல், ஊர்க்காரனிடமே வரி வாங்கிச் செய்துகொள்ளட்டும் என்ற எண்ணத்தில் வந்தது. பிறகு 1882-இல் ரிப்பன் பிரபு, ஸ்தல ஸ்தாபனங்கள் ஜனங்களுக்கு அரசியல் பள்ளிக்கூடமாக இருக்கவேண்டும் என்ற கருத்தில் ஒரு தீர்மானம் வெளியிட்டார். 1884-இலும் 1920-இலும் சட்டங்கள் வந்தன. கடைசியாக 1993-இல் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அமுலுக்கு வந்து, நகரங்களுக்கு 18 காரியங்களைப் பட்டியல் போட்டுக் காட்டி, ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் கட்டாயம் தேர்தல் நடத்தவேண்டும் என்றும் சொல்லிற்று.

சட்டம் சொல்லிற்று. நடந்தது என்ன? தமிழ்நாட்டு நகரங்களில் இருந்த சபைகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. மறு தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். ஐந்து வருஷத்துக்கு மேல் மெம்பர் இல்லை, சேர்மன் இல்லை; தனி அதிகாரிதான். ஒரு முழுச் சபையின் ஆயுள் காலம் அப்படியே போயிற்று. 2025 ஜனவரியில் இந்த ஜில்லா உள்பட பல ஜில்லாக்களின் கிராம ஊராட்சிகளுக்கும் காலம் முடிந்து, அங்கும் தனி அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். சட்டசபைத் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப் போனால் நாடு முழுவதும் கூச்சல் போடுகிற நாம், நம் வீட்டு வாசல் சாக்கடையை ஆளும் சபைக்கு ஐந்து வருஷம் தேர்தல் இல்லாததைப் பற்றிப் பெருமூச்சுகூட விடவில்லை. எஜமானன் தூங்கினால் வேலைக்காரன் என்ன செய்வான் என்பது உங்களுக்கே தெரியும்.

ஊர் பெருத்தால் போதுமா?

திண்டுக்கல் 2014-இல் மாநகராட்சி ஆயிற்று. 2011 ஜனக்கணக்கில் அந்த நகரத்துக்கு 2,07,327 பேர். 2024-இல் திருவண்ணாமலை, நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி ஆகிய நான்கும் மாநகராட்சிகளாகி, தமிழ்நாட்டில் மாநகராட்சி என்ற பெயர் 25 ஊர்களுக்கு வந்துவிட்டது. உங்கள் வேடசந்தூரும் பேரூராட்சியாக இருக்கிறது. நாளைக்கு இதுவும் நகராட்சி ஆகலாம். ஆகட்டும், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் பெயர்ப் பலகையை மாற்றினால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. மொட்டையனுக்குக் குடுமிநாதன் என்று பெயர் வைத்தால் மயிர் முளைக்குமா?

ஒரு ஊர் வளர்வது என்றால் என்ன? கரூர் ரோட்டில் போய்ப் பாருங்கள். திண்டுக்கல்லிலிருந்து கரூர் வரையில் நான்கு வழிச் சாலை. அதன் இரண்டு பக்கமும் நூல் மில்கள். ஒரு காலத்தில் இந்தச் சமவெளியில் புகையிலைதான் பணப் பயிர். 1948-இல் இங்கே புகையிலை ஆராய்ச்சி நிலையமே வைத்தார்கள். திண்டுக்கல் சுருட்டு சீமைக்கெல்லாம் போயிற்று. இன்றைக்கு மில்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். வடநாட்டிலிருந்து வந்தவர்கள் விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். பாக்டரி பெருகிற்று, நிலத்தின் விலை ஏறிற்று, லாரி பெருகிற்று, ஓட்டல் பெருகிற்று. இது வளர்ச்சிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் இந்த வளர்ச்சியின் லாபம் எங்கே போகிறது, பாரம் யார் தலையில் விழுகிறது என்று கேட்கவேண்டாமா? மில் பெரும்பாலும் பேரூராட்சி எல்லைக்கு வெளியே, ஏதோ ஒரு கிராம ஊராட்சியில் இருக்கிறது. அதன் கட்டடத்துக்கு உண்டான வரி அந்த ஊராட்சிக்குப் போகிறது. ஆனால் அந்த மில் தொழிலாளி ஆஸ்பத்திரிக்கு வருவது இங்கே. பஸ் ஏறுவது இங்கே. சந்தைக்கு வருவது இங்கே. அவர்களுக்கு வேண்டிய கக்கூசையும் குப்பைத் தொட்டியையும் இந்த ஊர்தான் வைக்கவேண்டும். வரவு ஒரு எல்லையில், செலவு இன்னொரு எல்லையில். கிராம ஊராட்சியையும் குறை சொல்ல முடியாது. ஒரு மில் அதன் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சினால் அது யாரிடம் போய் அழும்? அன்றியும் விடுதியில் இருக்கும் அந்தப் பெண்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவர்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் பல ஊர்களில் திட்டம் போடுகிறார்கள்.

ஆகையால் பேரூராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் சேர்ந்து தண்ணீருக்கும், குப்பைக்கும், கழிவுநீருக்கும் ஒரே திட்டம் போட்டு, செலவையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். காவிரித் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று பல ஊர்கள் சேர்ந்து கொண்டுவர முடிகிறது. சேர்ந்து தண்ணீர் குடிக்க முடிந்தவர்கள், சேர்ந்து சாக்கடை கட்ட முடியாதா?

குடகனாறு சொல்லும் கணக்கு

வளர்ச்சிக்குப் பில் கட்டுவது யார் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். உங்கள் குடகனாறே போதும். பழனி மலையின் கீழ்ச்சரிவில் பிறந்து, ஆத்தூரைக் கடந்து, திண்டுக்கல் பக்கமாக வந்து, உங்கள் வேடசந்தூர் வழியாக வடக்கே போய் அமராவதியில் சேருகிறது. ஒரு புறம் திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் பெருகின. தோல் வெளிநாடு போயிற்று. அந்நியச் செலாவணி வந்தது. சிலர் பெரிய மனிதர்கள் ஆனார்கள். உப்பும் குரோமியமும் கலந்த கழிவு மாத்திரம் இங்கேயே தங்கிற்று. வாய்க்கால் கெட்டது, கிணறு கெட்டது. எத்தனையோ விவசாயிகளின் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிற்று.

இந்த விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை போட்ட வழக்கில், 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வந்தது. திண்டுக்கல் உள்பட ஐந்து ஜில்லாக்களின் தோல் ஷாப்புகளைப் பற்றிய தீர்ப்பு அது. கெடுத்தவன்தான் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டதோடு, சுத்திகரிப்பு இல்லாமல் தொழில் நடத்தக்கூடாது என்றும், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கணக்கிட ஒரு அதிகார அமைப்பு வேண்டும் என்றும் சொல்லிற்று.

நல்ல தீர்ப்பு. ஆனால் தோழர்களே, யோசித்துப் பாருங்கள். கிணறு கெடுவதற்கு முன்னால் தோல் ஷாப்புக்காரனிடம் சுத்திகரிப்புக்கு வாங்கியிருக்க வேண்டிய பணத்தை வாங்காமல் விட்டதனால், கிணறு கெட்ட பின் ஊருக்கு லாரியிலும் குழாயிலும் எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவர யார் பணம் செலவாகிறது? பொது ஜனங்கள் பணம். லாபம் தனி மனிதனுக்கு, நஷ்டம் பொதுவுக்கு என்றால் அதற்குப் பெயர் வளர்ச்சியா? தோல் ஷாப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்த தொழிலாளிக்கும் அதில் லாபம் கிடைக்கவில்லை. அவன் கையும் காலும் வெந்ததுதான் மிச்சம். ஆகவே ஒரு தொழில் ஊருக்கு வரும்போது, எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எவ்வளவு தண்ணீர் எடுப்பாய், எவ்வளவு கழிவு விடுவாய், அதைச் சுத்தம் செய்யும் செலவை யார் தருவது என்றும் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கவேண்டும். குடகனாறு கெட்டுக் கற்றுக் கொடுத்த பாடத்தை இனி வரும் தொழிலுக்காவது உபயோகிக்கவேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இனி வரவுக்கு வருவோம். ஒரு நகர சபைக்குச் சொந்த வரவு என்பது சொத்து வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை, லைசென்ஸ் இவைதான். மற்றது மேலிருந்து வருவது. மாநில சர்க்கார் தன் சொந்த வரி வருமானத்தில் 10 சதவிகிதத்தை ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. மத்தியில் 15-ஆவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் உள்ள ஸ்தல ஸ்தாபனங்களுக்கு 4,36,361 கோடி ரூபாய் சிபாரிசு செய்தது. அதிலும் கணக்குத் தணிக்கை செய்து வெளியிடு, சொத்து வரிக்குக் குறைந்த அளவை நிர்ணயம் செய் என்று நிபந்தனை போட்டது.

இவ்வளவையும் சேர்த்தால் நகரங்களின் கையில் என்ன இருக்கிறது? ரிசர்வ் பாங்க் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவின் மாநகராட்சிகள் எல்லாவற்றின் வருவாயும் சேர்ந்து 2023-24-இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.6 சதவிகிதந்தான். நூறு ரூபாயில் அறுபது காசு. நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கு நகரத்தில் உண்டாகிறது. நகரத்தின் கையில் நிற்பது அறுபது காசு. இதை வைத்துக்கொண்டு 18 காரியங்களும் செய்யவேண்டுமாம்!

ஏன் இப்படி? ஒரு காரணம், வரி போடப் பயம். சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 2008-க்குப் பிறகு பொதுவான சொத்துவரிச் சீரமைப்பு 2018 வரை நடக்கவில்லை. 2018-இல் ஏற்றினார்கள், 2019 நவம்பரில், தேர்தல் நெருங்குகிற காலத்தில், நிறுத்தி வைத்தார்கள். 2022-இல் திரும்ப ஏற்றினார்கள். அந்த ஏற்றத்தில் 600 சதுர அடிக்கு உட்பட்ட சிறு வீட்டுக்கு 25 சதவிகிதம் என்றும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவிகிதம் என்றும் படி வைத்தார்கள். சிறு வீட்டுக்குக் குறைவு, பெரு வீட்டுக்கு அதிகம் என்ற நியாயம் சரியானதே. ஆனால் பதினான்கு வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் தூக்கி வைத்தால் ஏழைக்கு முதுகு ஒடியும். சும்மா இருந்த காலத்தில் லாபம் யாருக்கு? நிலத்தின் விலை பத்து மடங்கு ஏற, பழைய வரியையே கட்டிக்கொண்டிருந்த பெரிய கட்டடக்காரனுக்கு. வரி ஏற்றாதது ஏழைக்குச் செய்த தயவு என்று மேடையில் சொல்லுவார்கள். உண்மையில் அது பணக்காரனுக்குச் செய்த தானம்.

இன்னொரு விநோதம் தொழில் வரி. அரசியல் சட்டம் 276-ஆவது பிரிவின்படி ஒருவரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக்கூடாது. இந்த உச்ச வரம்பு 1988-இல் வைத்தது. அன்றைக்கு ஒரு பவுன் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று தாய்மார்களைக் கேட்டால் சொல்லுவார்கள். மில்லில் கணக்கு எழுதுகிறவர் கட்டுகிற தொழில் வரிக்கும், பல கோடி லாபம் பார்க்கிறவர் கட்டுகிற தொழில் வரிக்கும் இடையில் அந்த 2,500 ரூபாய்க் கோட்டுக்கு மேல் ஒரு காசு வித்தியாசம் இருக்கமுடியாது. எல்லோரும் சமம் என்று நம் அரசியல் சட்டம் எந்த இடத்தில் அழுத்தமாகச் சொல்லுகிறது பாருங்கள்!

போடுகிற வரியும் ஒழுங்காக வருகிறதா? 2025-இல் மதுரை மாநகராட்சியில், பல கட்டடங்களுக்குச் சொத்து வரியைக் குறைத்து எழுதி மோசடி நடந்ததாகப் போலீசார் வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். மண்டலத் தலைவர்கள் ராஜினாமாச் செய்தார்கள். பிறகு மேயரும் ராஜினாமாச் செய்தார். யார் குற்றவாளி என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். எனக்கு வேண்டியது வேறு சங்கதி. அதிகாரி கையில் இருக்கும் பெயர், தேதி, சதுர அடி, வரித் தொகை ஆகிய நான்கையும் தெருத் தெருவாக அச்சடித்து ஊர் நடுவில் ஒட்டியிருந்தால், இந்த மாதிரிச் சந்தேகத்துக்கு இடம் உண்டா? பக்கத்து வீட்டுக்காரனைவிடப் பெரிய தணிக்கை அதிகாரி உலகத்தில் இல்லை.

ஜனங்கள் வரி கொடுக்கமாட்டார்களா?

"ஜனங்கள் வரி கொடுக்கமாட்டார்கள், இலவசம்தான் கேட்பார்கள்" என்று பெரிய மனிதர்கள் சொல்லுகிறார்கள். இது ஜனங்களை அவமானப்படுத்துகிற பேச்சு. உண்டியலில் போடுகிறானே, அவனுக்குக் கொடுக்கத் தெரியாதா? அங்கே ரசீதுகூட வாங்காமல் கொடுக்கிறான். பஞ்சாயத்துக்குக் கொடுக்கத் தயங்குகிறான் என்றால், கொடுத்த பணத்துக்குப் பலன் கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூர் என்ற நகராட்சி இருந்தது. 2011-இல் சென்னையோடு சேர்ந்துவிட்டது. அங்கே 1990-களின் கடைசியில் பாதாளச் சாக்கடை போடத் தீர்மானித்தார்கள். பணம் போதவில்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய், வியாபார இடத்துக்கு 10,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். தெருத் தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, இன்ன செலவு, இன்ன கடன், இன்ன மாதக் கட்டணம் என்று விளக்கினார்கள். ஜனங்கள் கொடுத்தார்கள். வேலையும் நடந்தது. 2002-03-இல் சிற்றூர்கள் பத்துக்கு மேற்பட்டவை சேர்ந்து, மாநிலத்தின் கூட்டு நிதி ஒன்றின் மூலம் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் சுமார் 30 கோடி ரூபாய் கடன் பத்திரம் போட்டன. இந்த மாதிரிக் கூட்டுக் கடன் பத்திரம் இந்தியாவில் அதுதான் முதல். தனியாகப் போனால் எந்தப் பாங்கும் ஏறிட்டுப் பார்க்காத ஊர்கள், சேர்ந்து போனபோது கடன் கிடைத்தது. ஆகவே நம் ஜனங்களுக்கும் சிற்றூர்களுக்கும் யோக்கியதை இல்லை என்பது பொய்.

வெளிநாட்டையும் கொஞ்சம் பாருங்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துக்கு 1873 முதல் 1876 வரை ஜோசப் சேம்பர்லின் என்பவர் மேயராக இருந்தார். அவர் காஸ் கம்பெனியையும் தண்ணீர்க் கம்பெனியையும் நகர சபைக்கே வாங்கிவிட்டார். காஸில் வரும் லாபம் நகரத்தின் நன்மைக்கு. தண்ணீரில் லாபமே பார்க்கக்கூடாது, அது ஆரோக்கியத்துக்கு என்று வைத்தார். அவர் சமதர்மக்காரர் அல்ல. ஸ்க்ரூ ஆணி செய்து பணம் சேர்த்த முதலாளி. ஆனாலும் கணக்குத் தெரிந்தவர். வியன்னா நகரத்தில் 1923-இல் வீட்டு வசதி வரி என்று ஒன்று போட்டார்கள். மாளிகைக்கு அதிகம், தொழிலாளி அறைக்குச் சொற்பம். அந்தப் பணத்தை வைத்து 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைத் தொழிலாளர்களுக்கு நகர சபை கட்டிற்று. நூறு வருஷத்துக்கு முன் அவர்கள் செய்ததை, நாம் கம்ப்யூட்டரும் செல்போனும் வைத்துக்கொண்டு செய்ய முடியாதா?

மழைக்கு யாகமா, கணக்கா?

செலவில் முதல் இடம் எதற்கு? தண்ணீருக்கு. அதில்தான் நம்முடைய அறிவு மோசம் போகிறது. 2019 கோடையில் தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, கோயில்களில் மழைக்காக யாகம் நடத்தும்படி அறநிலையத் துறையிலிருந்து சுற்றறிக்கை போயிற்று. பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அதில் உட்கார்ந்து ஜபம் செய்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில், உட்காருவதற்குத் தண்ணீர்! வருணன் காதில் விழுந்ததோ இல்லையோ, கண்மாயில் வண்டல் எடுக்கவேண்டிய மாதங்கள் போய்விட்டன. மழை வந்தபின் அது ஓடிப் போய்விட்டது. பிடித்து வைக்க இடமில்லை.

நோய் வந்தாலும் இதே கதைதான். பேதி கண்டால் ஆத்தாளுக்குக் கோபம் என்று கூழ் ஊற்றுவது நம் வழக்கம். லண்டனில் 1854-இல் காலரா கண்டபோது ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் செத்தவர்களின் வீடுகளை விசாரித்துப் பார்த்து, பெரும்பாலானவை ஒரு தெருப் பம்பைச் சுற்றி இருப்பதைக் கண்டார். பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். அங்கே குற்றவாளி தெய்வம் அல்ல. சாக்கடை கலந்த தண்ணீர். 1858-க்குப் பிறகு லண்டன் நகரம் பெரும் பணம் செலவு செய்து பாதாளச் சாக்கடை கட்டிற்று, காலரா ஒழிந்தது. காலராவை ஒழித்தது பிரார்த்தனை அல்ல, பட்ஜெட். இதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லவேண்டும்.

சுத்தம் செய்கிறவன் யார்?

சாக்கடை என்றவுடன், அதைச் சுத்தம் செய்கிற மனிதனைப் பற்றிப் பேசாமல் போகமுடியாது. பொதுப் பணத்தில் கட்டிய கிணற்றிலும் ரோட்டிலும் ஒரு கூட்டம் மனிதர்களை விடமாட்டோம் என்று சொன்ன நாடு இது. 1924-இல் சென்னைச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொண்டுவந்து, பொது ரோடும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று நிறைவேற்ற வேண்டியிருந்தது. பொது என்பது பொது என்று சொல்லுவதற்கே ஒரு தீர்மானம்!

இன்றைக்கு மலக்குழியில் மனிதனை இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அப்படியும் இறக்குகிறார்கள், சாகிறார்கள். 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு, செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்கவேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கிற்று. ஒரு நகர சபைக்கு இரக்கம் இல்லாவிட்டாலும், கணக்காவது தெரியவேண்டாமா? ஒரு உயிர் போன பின் கொடுக்கிற பணத்தை, உயிர் போகாமல் இருக்க இயந்திரம் வாங்க முன்னாலேயே செலவு செய்வதல்லவா புத்திசாலித்தனம்?

ஆனால் நகர சபைகள் செய்கிற சிக்கனம் என்ன தெரியுமா? துப்புரவு வேலையைக் காண்டிராக்டில் விடுவது. 2025 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியார் கம்பெனிக்கு விட்டதை எதிர்த்துத் துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், மாநகராட்சி வாசலில் ஏறக்குறைய இரண்டு வாரம் உட்கார்ந்தார்கள். ராத்திரியில் போலீசைக் கொண்டு அப்புறப்படுத்தினார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பெயர் என்ன? ரிப்பன் கட்டடம். ஸ்தல சுய ஆட்சி தந்தவர் என்று நாம் கொண்டாடுகிற அதே ரிப்பன் பெயர். சுய ஆட்சியின் வாசலில், அந்த ஊரைத் தினம் கூட்டுகிறவர்களுக்கு உட்கார இடமில்லை. பரம்பரையாக ஒரு ஜாதியார் தலையில் கட்டிய வேலையை, இயந்திரம் வைத்து, கையுறை கொடுத்து, நிரந்தரச் சம்பளம் கொடுத்து, எந்த ஜாதிக்காரனும் மனுப்போடக்கூடிய உத்தியோகமாக மாற்றுகிற நகர சபைதான் ஜாதியை ஒழிக்கிற நகர சபை. காண்டிராக்டில் விட்டுக் கூலியைக் குறைக்கிற சபை, மனுதர்மத்துக்கு டெண்டர் விடுகிற சபை.

முதலில் எது, பின்னால் எது?

பணம் கொஞ்சமாக இருக்கும்போது எல்லாம் வேண்டும் என்பவனுக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே என் அபிப்பிராயத்தில், வளருகிற எந்த ஊருக்கும் வரிசை இதுதான். முதலாவது, கடைசி வீட்டுக்கும் குடிதண்ணீர். கடைசி வீடு என்றால் சேரியிலும் காலனியிலும் இருக்கிற கடைசி வீடு. அங்கிருந்து ஆரம்பித்து ஊருக்குள் வாருங்கள். இரண்டாவது, கழிவுநீர் போக வழியும், பெண்களுக்குப் பூட்டு இல்லாத, தண்ணீர் உள்ள பொதுக் கக்கூசும். மூன்றாவது, துப்புரவுத் தொழிலாளிக்கு முழுச் சம்பளமும் இயந்திரமும். நான்காவது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வாசகசாலை. இவை முடிந்த பிறகு அலங்கார வளைவு, சிலை, நீரூற்று, கலர் விளக்கு எதை வேண்டுமானாலும் வையுங்கள். நானே வந்து கை தட்டுகிறேன். ஆனால் குடம் வரிசையில் நிற்கும்போது நீரூற்று ஆடக்கூடாது.

இதற்கு நீங்கள் செய்யவேண்டியது என்ன? வரியைக் கட்டுங்கள், ரசீதை வைத்துக்கொண்டு கணக்கைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பத்து ரூபாய் கொடுத்தால் பஞ்சாயத்தின் பதிவேட்டைக் கேட்கலாம். அர்ச்சனைச் சீட்டுக்குச் செலவு செய்கிற பணந்தான். 2022 நவம்பர் முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. அதற்குப் போய் உட்காருங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிடாமல், இந்த வருஷம் நம் தெருவிலிருந்து போனது எவ்வளவு, நம் தெருவுக்கு வந்தது எவ்வளவு என்று கேளுங்கள்.

தாய்மார்களே! உங்களுக்குத் தனியாக ஒன்று. தமிழ்நாட்டில் ஸ்தல ஸ்தாபன ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் ஆயிற்று. ஆனால் பல ஊர்களில் பெண் மெம்பர் வீட்டில் இருக்கிறார். புருஷன் நாற்காலியில் இருக்கிறார். குடம் சுமக்கிறவர் நீங்கள்; தண்ணீர்த் தொட்டி எங்கே கட்டவேண்டும் என்று தீர்மானிப்பவர் குடம் தூக்கி அறியாத ஆண்பிள்ளையா? ஓட்டுப் போட்டது யாருக்கோ அவர் பேசட்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். ஒரு தரம் சொன்னால் போதும். மறுதரம் அந்தப் புருஷன் வரமாட்டார்.

தோழர்களே! ஊர்ப் பணம் சாமி பணமும் அல்ல, சேர்மன் பணமும் அல்ல, சர்க்கார் பிச்சையும் அல்ல. அது மில்லில் நூல் எடுக்கிறவள், ரோட்டில் லாரி ஓட்டுகிறவன், காட்டில் களை எடுக்கிறவள், தெருவைக் கூட்டுகிறவள் ஆகிய இவர்கள் உழைப்பிலிருந்து வந்தது. கொடுத்தவர்களுக்கு முதலில் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கிற ஊர், பேரூராட்சியாக இருந்தாலும் பெரிய ஊர். கேட்காத ஊர், மாநகராட்சி ஆனாலும் சின்ன ஊர்தான். இதை நீங்கள் நன்றாக ஆலோசித்து, சரியென்று பட்டால் அடுத்த கூட்டத்திலேயே கேட்க ஆரம்பியுங்கள்.